அரசுப் பள்ளிக்கு நன்கொடை கொடுத்த அனுபவம்: பணம் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

என் அம்மா எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். 2023-ஆம் ஆண்டு தொடக்கத்தில் காலமானார். அந்த வேலையில் சம்பளம் எவ்வளவு வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதிலும் மிச்சம் பிடித்து நாலு லட்சம் ரூபாயை வங்கியில் வைப்பாகப் போட்டு வைத்திருந்தார். அந்தப் பணத்தில் அந்தப் பள்ளிக்கே ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எதைச் செய்வது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டின்போது தம்ளரை வாங்கி ஒரு வாய் நனைத்துவிட்டு மிச்சத் தண்ணீரைத் தட்டு கழுவ வைத்துக்கொள்வார்கள் என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். அங்கே இருந்த கழிப்பறைக்குக் கதவு பாதிதான் இருந்தது. எனவே பெண் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல கழிப்பறை என்று முடிவு செய்தேன். அது கட்டி முடிந்து கடைசிக் காகிதம் கைக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அரசாங்கத்துக்குப் பணம் கொடுப்பது இவ்வளவு கடினமான காரியம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் எதிர்ப்பு வீட்டிலேயே வந்தது. மாமா நேராகவே கேட்டார்: “மாதாமாதம் உன் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள். சோப்பு வாங்கினாலும் வரி. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டுவது அவர்கள் வேலை. நீ எதற்கு அம்மா பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறாய்?” கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன், வரிக் கணக்கு எனக்குப் புதிதில்லை. மாமா கேட்டதில் தவறு இருப்பதாக அன்றும் எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்துவிட்டது. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை என்பது அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அது அரசின் கடமை, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடமை நிறைவேறும் வரை காத்திருக்கும் பெண் பிள்ளைக்கு அதற்குள் எட்டாம் வகுப்பு முடிந்துவிடுமே என்பதுதான் என் பதிலாக இருந்தது. மாமா சமாதானம் ஆகவில்லை.

தலைமையாசிரியரைப் பார்த்தேன். மிகவும் சந்தோஷப்பட்டார், கூடவே பயந்தார். “அம்மா, நீங்கள் கொடுக்கிறேன் என்கிறீர்கள், நான் வாங்கிக்கொள்ள முடியாது. கட்டடம் ஒன்றியத்தின் சொத்து. நானாக ஒரு செங்கல் வைத்தாலும் நாளைக்குத் தணிக்கையில் என்னைத்தான் கேட்பார்கள்” என்றார். ஊரில் வேறு சிலர், கொத்தனாரை வைத்து நாமே ஒரு மாதத்தில் கட்டிவிடலாம், அனுமதியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கொத்தனார் நாலரை லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டும் கொடுத்துவிட்டார். கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிக் கட்டினால் அந்தக் கட்டடம் ஒன்றியத்தின் சொத்துப் பதிவேட்டில் ஏறாது. பதிவேட்டில் ஏறாத கட்டடத்துக்குப் பின்னாளில் ஒரு குழாய் மாற்றக்கூட அரசுப் பணம் ஒதுக்க முடியாது. ஏதாவது இடிந்து விழுந்தால் பொறுப்பு யாருடையது என்பதும் அந்தரத்தில் நிற்கும். தலைமையாசிரியர் சொன்ன இந்த ஒரு விவரம்தான் எனக்குக் கிடைத்த முதல் நல்ல பாடம். கட்டடம் என்றால், எவ்வளவு தாமதமானாலும், கடிதம் கொடுத்து அனுமதி வாங்கித்தான் தொடங்க வேண்டும். யாருடைய கையிலும் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். நல்லவர் மாற்றலாகிப் போய்விடுவார். ரசீது இல்லாத பணத்துக்கு அடுத்து வருபவர் பதில் சொல்ல மாட்டார்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று விசாரித்ததில் மூன்று தெரியவந்தன. மின்விசிறி, மேசை, தண்ணீர் வடிகட்டி போன்ற சிறிய பொருள்கள் என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி வாங்கிக்கொள்வார்கள். இதில் சிக்கல் குறைவு. இரண்டாவது, 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம். இணையத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, எந்தத் தேவைக்கு என்று குறிப்பிட்டுப் பணம் செலுத்தலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும், நேரில் வந்து அலைய முடியாதவர்களுக்கும் இதுவே தோது என்று நினைக்கிறேன். மூன்றாவது, ‘நமக்கு நாமே’ திட்டம். 1997-இல் வந்து, இடையில் நின்று, 2021-க்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்றது. மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். பாதி அல்லது அதற்கு மேல் கட்டினால், டெண்டர் இல்லாமல் நன்கொடையாளரோ அவர் சொல்லும் ஆளோ வேலையை எடுத்துச் செய்யலாம். அம்மாவின் பணத்தோடு அரசின் பணமும் சேர்ந்தால் கட்டடம் பெரிதாக வரும், வேலையும் நம் கண்முன் நடக்கும் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன். வழியைப் பற்றி இன்றும் எனக்கு வருத்தமில்லை. வழியில் பட்டதைத்தான் சொல்ல வேண்டும்.

விருப்பக் கடிதம் கொடுத்த பிறகு ஓவர்சியர் வந்து இடத்தை அளந்து மதிப்பீடு தயாரித்தார். ஆறு லட்சம் வந்தது. கொத்தனார் நாலரை லட்சம் சொன்ன அதே வேலைதானே என்று பதறிப்போனேன். வரிவரியாகக் கேட்டபோதுதான் விளங்கியது. அரசு வேலை என்றால் பொதுப்பணித் துறை விலைப்பட்டியல்படி கணக்கிட வேண்டும், அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம். அரசுக்கு நான் தரும் நன்கொடையில் ஒரு பகுதி, வரி என்ற பெயரில் அரசுக்கே போகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அதுதான் விதி. ஆனால் கையிலிருக்கும் பணத்துக்கு எவ்வளவு கட்டடம் கிடைக்கும் என்று மனக்கணக்குப் போடுபவர்கள் கொத்தனார் சொல்லும் தொகையை வைத்துப் போடாதீர்கள். மதிப்பீடு கைக்கு வந்த பிறகு வாக்குக் கொடுங்கள்.

மதிப்பீடு மேலே போயிருந்த சமயத்தில்தான், 2023 டிசம்பரில், தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் அலுவலகத்தில் பலரும் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்தோம். இணையத்தில் பணம் கட்டினேன், ரசீது வந்துவிட்டது, காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கே போகிறது என்று தெரியாத பொதுப் பணமாகக் கொடுத்தால் சில நிமிடங்களில் வாங்கிக்கொள்கிறார்கள். இந்த ஊர், இந்தப் பள்ளி, இந்தக் கழிப்பறை என்று குறிப்பிட்டுக் கொடுத்தால் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? கணக்குப் பிரிவில் இருப்பதால் காரணம் எனக்குப் புரிகிறது. அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு கணக்குத் தலைப்பு வேண்டும். நிவாரண நிதிக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. என் கழிப்பறைக்கு ஒவ்வொரு கையெழுத்தாகச் சேர்த்து அதை உருவாக்க வேண்டும். காரணம் புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

2024 ஜனவரியில் பங்குத் தொகையைக் கட்டச் சொன்னார்கள். வைப்பை முதிர்வுக்கு முன்பே உடைத்து, அதற்கான வட்டிக் குறைப்பையும் ஏற்றுக்கொண்டு, மூன்று லட்சத்துக்கு டிடி எடுத்துக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டில் கையெழுத்து மட்டும் கிடைத்தது. பிறகு ஒரு பேச்சுமில்லை. தொலைபேசியில் கேட்டால் கோப்பு மாவட்டத்தில் இருக்கிறது என்பார்கள்; மாவட்டத்தில் கேட்டால் ஒன்றியத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்பார்கள். ஒருநாள் அலுவலக வாசலில் ஒருவர், “கொஞ்சம் பார்த்துச் செய்தால் கோப்பு வேகமாக நகரும்” என்றார். என் காதில் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை. சத்துணவுக் கூடத்தில் புகையில் நின்று சம்பாதித்த பணத்தை அரசுக்கே கொடுக்க வந்திருக்கிறேன், அதை வாங்கிக்கொள்ளவும் லஞ்சமா? படியிறங்கி வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது உறுத்தியிருக்கும்.

அடுத்து வந்தது நாடாளுமன்றத் தேர்தல். மார்ச் 16 அன்று நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன; புதிய வேலை எதையும் தொடங்கக் கூடாது என்று ஜூன் முதல் வாரம் வரை எல்லாம் நின்றது. விதிகள் நீங்கிய பிறகும் அசைவில்லை என்றதும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போட்டேன். பத்து ரூபாய் கட்டணம், ஒரே பக்கம். நான் கேட்டவை மூன்றுதான்: என் டிடி எந்தத் தேதியில் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது, என் கோப்பின் எண் என்ன, இப்போது யாரிடம் இருக்கிறது. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் வந்தது. என் டிடி வங்கிக்கே போகவில்லை. கோப்புக்குள் குத்தூசியில் கோத்தபடி இருந்திருக்கிறது. டிடிக்கு ஆயுள் மூன்று மாதம்தான், ஏப்ரலிலேயே காலாவதியாகிவிட்டது. அதைத் திரும்ப வாங்கி, கோவையில் எடுத்த கிளையிலேயே கொடுத்துப் புதுப்பித்து, மறுபடியும் கொண்டுபோய்க் கட்டினேன். அதற்குள் புதிய விலைப்பட்டியல் வந்து மதிப்பீடு ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ஆகிவிட்டது. பாதிப் பங்கு என்பதால் என் தலையில் இன்னும் இருபதாயிரம். வட்டி இழப்பு பதினைந்தாயிரத்தை ஒட்டி. வந்துபோன செலவும் சம்பளமில்லா விடுப்பும் சேர்ந்தால் அதைவிட அதிகம்.

எனவே இதைக் கவனமாகப் படியுங்கள். நிர்வாக அனுமதி கையில் வராமல் பணம் கட்டாதீர்கள். அதற்கு முன்பே கட்டியாக வேண்டும் என்றால், டிடி எண்ணைக் குறிப்பிட்டு அலுவலக முத்திரையுடன் ரசீது கேளுங்கள். ஒரு வாரம் கழித்து உங்கள் வங்கியிலேயே டிடி பணமாக்கப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள், அவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் இதைக் கேட்கலாம் என்றே தெரியாமல் மாதங்கள் போயின. ஒவ்வொரு கடிதத்திலும் முந்தைய கடிதத்தின் தேதியையும் கோப்பு எண்ணையும் எழுதுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்தால் அதற்கு ஓர் எண் கிடைக்கும். நேரில் போக முடியாதவர்கள் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். மன்றாடுவதைவிட எண்ணைச் சொல்லிக் கேட்பது வேலை செய்கிறது. தேர்தல் வரும் ஆண்டா என்பதையும் பாருங்கள்.

வருமான வரி பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் இதை எதிர்பார்த்தே கொடுக்கிறார்கள். 2023-24 முதல் புதிய வரிமுறைதான் தானாக அமலாகும். அதில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவு, அதாவது நன்கொடைத் தொகையை வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளும் சலுகை, கிடையாது. பழைய முறையிலும் எல்லா நன்கொடையும் ஒன்றல்ல. முதலமைச்சரின் பொது நிவாரண நிதி என்றால் முழுத் தொகைக்கும் கழிவு. அரசுக்கோ உள்ளாட்சிக்கோ வேறு அறப்பணிக்காகக் கொடுத்தால் பாதிக்குத்தான், அதுவும் வருமானத்தில் பத்து சதவீதம் என்ற வரம்புக்குள். ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தால் கழிவே இல்லை. நான் கொடுத்த ஆண்டில் இருந்த சட்டம் இது. எனக்குப் புதிய முறையே லாபமாக இருந்ததால் ஒரு பைசா கழிவும் கிடைக்கவில்லை.

செப்டம்பரில் வேலை உத்தரவு வந்தது. நிம்மதியாக மூச்சுவிட்டேன், ஆனால் இங்கே இன்னொரு விஷயம் யாரும் சொல்லாதது. என் பங்கு அரசிடம் போய்விட்டது. வேலையை நான் செய்ய வேண்டும். பணமோ வேலை நடந்த பிறகுதான் வரும். ஓவர்சியர் வந்து டேப் வைத்து அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதி, அது சரிபார்க்கப்பட்ட பிறகே பில். அதுவரை சிமென்டுக்கும் கம்பிக்கும் கூலிக்கும் யார் கொடுப்பது? அம்மா பணத்தில் மிச்சமிருந்ததையும், மாமாவிடம் வாங்கிய எண்பதாயிரத்தையும் போட்டுச் சமாளித்தேன். ஆமாம், அந்த மாமாதான். “கொடுக்காதே என்றுதான் சொன்னேன், பாதியில் நிறுத்து என்று சொல்லவில்லையே” என்றார். நீங்களே வேலையை எடுத்துச் செய்வதானால் சுழற்சிக்கு ஒரு தொகை தனியாக வைத்திருங்கள், இல்லாவிட்டால் முன்பணம் போடக்கூடிய ஒப்பந்தக்காரரைச் சொல்லுங்கள்.

ஆனால் நானே நின்று செய்ததில் ஒரு பலன் இருந்தது. வழக்கமான வரைபடத்தில் தாழ்ப்பாள் பெரியவர்களின் உயரத்துக்கு இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை அழைத்து நிற்கவைத்தேன். நுனிக்காலில் எம்பியும் அவளுக்கு விரல் எட்டவில்லை. தாழ்ப்பாள் போட முடியாத பிள்ளை தோழியைக் கதவுக்கு வெளியே காவல் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போகும். எல்லாக் கதவிலும் அவள் தோள் உயரத்துக்குக் கீழே இன்னொரு தாழ்ப்பாள் வைக்கச் சொன்னேன். குழாயையும் சுவரில் இறக்கினோம். பயன்படுத்திய நாப்கினைப் போட மூடியுள்ள தொட்டி வைக்க ஒரு மூலையை ஒதுக்கினோம். செலவு என்று பார்த்தால் சில ஆயிரம்தான். டெண்டரில் போயிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. பணத்தோடு ஆளும் போய் நிற்க முடிந்தால் மட்டுமே இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள்.

கட்டுவதைவிடப் பெரிய கேள்வி, யார் கழுவுவது என்பது. பல பள்ளிகளில் நன்கொடையாளர் பெயர்ப் பலகையோடு பூட்டிக் கிடக்கும் கழிப்பறைகளைப் பார்த்திருக்கிறேன். தூய்மைப் பணியாளருக்கு உள்ளாட்சி மூலம் தரும் ஊதியம் மிகச் சொற்பம், ஆள் நிற்பதில்லை. மோட்டாருக்கு மின்கட்டணம், தொட்டி நிறைந்தால் எடுக்கும் செலவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இவற்றை ஊராட்சித் தீர்மானத்தில் எழுதி வாங்க முயன்றேன். தீர்மானம் போட்ட சில வாரங்களில், 2025 ஜனவரி 5 அன்று ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் அன்றோடு போயிருக்கும். எழுத்தில் இருந்ததால் புதிதாக வந்தவரிடம் நகலைக் கொடுத்துத் தொடர முடிந்தது. பராமரிப்புக்கான தீர்மானம் கைக்கு வருமுன் முதல் ரூபாயைக்கூடக் கொடுக்காதீர்கள் என்றுதான் இனி கேட்பவர்களிடம் சொல்வேன். கடைசிப் பில் ஏப்ரலில் வந்தது. மாமாவின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

குடிமக்கள் அரசுக்குத் தாமாகப் பணம் கொடுக்கலாமா என்று இப்போது என்னைக் கேட்டால், கொடுக்கலாம் என்றுதான் சொல்வேன். மதுரை கொடிக்குளத்தில் ஆயி என்கிற பூரணம் அம்மாள், மறைந்த மகளின் நினைவாக, கோடிக்கணக்கில் மதிப்புள்ள ஒன்றரை ஏக்கர் நிலத்தை அரசுப் பள்ளிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பிச்சையெடுத்துச் சேர்த்த பத்தாயிரத்தை, கொரோனா காலத்தில் நிவாரணத்துக்கு என்று மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் திரும்பத் திரும்பக் கொண்டுபோய்க் கட்டினார் பூல்பாண்டியன் என்ற முதியவர். இவர்களைப் பார்த்து, வரிதான் கட்டுகிறோமே என்று என்னால் சொல்ல முடியாது. அதே சமயம் ஒன்று என்னை அரிக்கிறது. எங்கள் பள்ளிக்கு அம்மா இருந்தார். அவர் சேர்த்த பணமும், அதைச் சுமந்துகொண்டு அலைய நானும் இருந்தோம். நாலு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊர்ப் பள்ளிக்கு அப்படி யாரும் இல்லை. அங்கே இன்னும் பாதிக் கதவுதான். ஊரார் கொடுத்தால் நடக்கும், கொடுக்காவிட்டால் நடக்காது என்று ஆகிவிட்டால், வசதியானவர்கள் பிறந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கழிப்பறை கிடைக்கும். வரிப்பணத்தில் செய்ய வேண்டியதை நன்கொடையை எதிர்பார்த்து அரசு தள்ளிப்போட நம் தயவே காரணமாகிவிடக் கூடாது.

போன மாதம் அந்த ஊரிலிருந்து இருவர் என்னைத் தேடி வந்தார்கள். எங்கள் பள்ளிக்கும் நமக்கு நாமே திட்டத்தில் செய்து கொடுங்கள், பங்குத் தொகைக்கு வெளியூரில் இருப்பவர்களிடம் வசூல் செய்கிறோம் என்றார்கள். வசூல் வேண்டாம் என்றேன். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைக் குறிப்பிட்டு, முழுச் செலவையும் அரசு நிதியிலேயே செய்யக் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் போட்டு, கிராம சபையிலும் வைத்து, நகலோடு ஆட்சியரிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கொடுத்துவிட்டார்கள், மனு எண் வந்திருக்கிறது. முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த பத்து ரூபாய்க் கட்டணத்தை நான் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.